பிளஸ் டூ முடிக்கப் போறான், காது கேக்காது. தனியா எப்படி விடுறது?

குடவாசல்அம்மா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருப்பேன், எழுதுறது இதான் மொத தடவ. என் பையனுக்கு பொறந்ததுலேந்து ரெண்டு காதும் கேக்காது. தஞ்சாவூர்ல ஹாஸ்டல்ல தங்கி படிக்கிறான், இந்த வருசம் பிளஸ் டூ. சனி ஞாயிறு வீட்டுக்கு வருவான். அவங்க அப்பா சிங்கப்பூர்ல வேல பாக்குறாரு, ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவதான் ஊருக்கு வருவாரு.

போன மாசம் எனக்கு நல்ல காச்சல், எந்திரிக்க முடியல. காலி மாத்திர அட்டையும் நூறு ரூவாயும் குடுத்து மெடிக்கலுக்கு அனுப்பினேன். அரமணி நேரம் கழிச்சு அட்டையோடயும் ரூவாயோடயும் அப்படியே திரும்பி வந்துட்டான். கடக்காரரு அட்டைய பாத்துட்டு என்னமோ கேட்டுருக்காரு, எத்தனன்னு கேட்டுருப்பாருன்னு நெனைக்கிறேன், இவனுக்கு புரியல, பின்னாடி நாலு பேரு நின்னுருக்காங்க, ஒருத்தர் இவன தள்ளிட்டு முன்னாடி போயிட்டாராம், இவன் ஓரமா கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு வந்துட்டான். பதினேழு வயசு. மீசை வந்துடுச்சு. படுத்துக்கிட்டே அழுதேன், காச்சல்ல அழுவுறேன்னு நெனச்சு நெத்தியில துணி நனைச்சு போட்டான்.

மார்ச்சோட ஸ்கூல் முடிஞ்சிடும். அதுக்கப்புறம் காலேஜா, வேலையா, யார கேக்குறதுன்னே தெரியல. சொந்தக்காரங்க "ஒரு பொட்டிக்கட வச்சு குடுத்துடு"ங்குறாங்க. மெடிக்கல்ல மாத்திர வாங்க தெரியாத பிள்ள கடைய எப்படி நடத்தும்? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

---

வெண்ணாறு72 எழுதியது:

அம்மா, 28 வருசம் காது கேக்காத பிள்ளைங்களுக்கு பாடம் சொல்லிக் குடுத்துட்டு ரிட்டயர் ஆனவன் நான். நீங்க சொன்ன அந்த காலி அட்டைய நான் நூறு வீட்டுல பாத்துருக்கேன். ஸ்கூல்ல எல்லாம் பண்ணுவான், ஹாஸ்டல்ல சின்ன பசங்கள மேய்ப்பான், ஸ்கூல் கேட்ட தாண்டினா ஊமையாயிடுவான். இந்த ஊமைங்குற வார்த்தைய வேணும்னேதான் போட்டேன், கேட்டுக்கு வெளிய இருக்க நாமதான் அவங்கள அப்படி ஆக்குறோம்.

காலேஜ் பத்தி பொறவு சொல்றேன். மொதல்ல பேப்பர். யூடிஐடி கார்டு, அதான் மாற்றுத்திறனாளி அடையாள அட்ட, இருக்கா, அதுல தற்காலிகம்னு போட்டுருந்தா தேதிய பாருங்க, முடிஞ்சிருந்தா ஒங்க மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில காது டெஸ்ட் எடுத்து புதுப்பிக்கணும். 70 டெசிபலுக்கு மேல ரெண்டு காதும் போயிருந்தா சட்டப்படி காது கேளாதவர், 60லேந்து 70 வரைக்கும்னா கேட்கும் திறன் குறைந்தவர். ரெண்டுக்குமே சலுக உண்டு, ஆனா கார்டுல என்ன எழுதிருக்குன்னு பையனுக்கே தெரிஞ்சிருக்கணும். ஏன்னா நாளைக்கி அப்ளிகேசன்ல டிக் பண்ணப்போறது அவன்.

அடுத்தது ஆதார். அதுல எந்த போன் நம்பர் இருக்கு? பாதி வீட்டுல அப்பா நம்பர் இருக்கும். ஓடிபி சிங்கப்பூருக்கு போவும், அவரு வேலையில இருப்பாரு, இங்க பிள்ள இ-சேவை மையத்துல உக்காந்திருக்கும். அத மொதல்ல பையன் நம்பருக்கு மாத்துங்க. பேங்க்ல ஸ்காலர்ஷிப்புக்கு மைனர் கணக்கு ஆரம்பிச்சிருப்பீங்க, 18 முடிஞ்சதும் அவனே போயி புது கையெழுத்து போட்டு மாத்தணும்.

படிப்புன்னா, சென்னை மாநிலக் கல்லூரியில காது கேக்காத பிள்ளைங்களுக்குன்னு தனியா பி.காம், பிசிஏ இருக்கு. அடையாறுல செயின்ட் லூயிஸ் காலேஜ் இருக்கு. கொஞ்சம் தூரம் பரவாயில்லன்னா திருவனந்தபுரத்துல நிஷ்னு பேச்சு, கேட்புக்கான தேசிய நிறுவனம், அங்க கம்ப்யூட்டர் சயின்ஸ், ஃபைன் ஆர்ட்ஸ் டிகிரியெல்லாம் இவங்களுக்காகவே நடத்துறாங்க. பக்கத்து ஊரு சாதாரண காலேஜ்ல 5 சதவீத ஒதுக்கீட்டுல சீட் கெடச்சுரும், ஆனா வாத்தியார் போர்டு பக்கம் திரும்பிக்கிட்டு பேசுவாரு, மூணு வருசம் இவன் முதுக பாத்துட்டு உக்காந்திருக்கணும். சீட்டு கெடச்சா சந்தோசப்பட்டுட்டு யோசிக்காம சேத்துடாதீங்க.

இன்னொன்னும் சொல்லிடுறேன். நம்ம பிள்ளைங்க பரீட்சையில ஒரு மொழிப்பாடம் எழுதினா போதும்னு விலக்கு இருக்கு, அதனால நெறய பேரு இங்கிலீஷ அடியோட விட்டுடுறாங்க. விலக்கு பரீட்சைக்குத்தாம்மா, மாத்திர அட்டைக்கு கெடயாது. அட்டையில பேரு, பேங்க் ஃபார்ம், போன் செட்டிங்ஸ் எல்லாம் இங்கிலீஷ்லதான் வருது. இந்த லீவுல தெனம் அஞ்சு வார்த்த, வீட்டுல இருக்க பொருள வச்சே.

---

டெல்டா_தம்பி எழுதியது:

சார் சொல்றதெல்லாம் கரெக்ட்தான், ஆனா பிராக்டிகலா பாத்தா கவர்மெண்ட் வேலதான் அக்கா பாதுகாப்பு. அரசு வேலையில மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீதம், அதுல 1 சதவீதம் காது கேளாதவங்களுக்குன்னு 2016 சட்டத்துலயே இருக்கு. பத்தாவது தகுதிக்கு குரூப் 4 எழுதலாம். கூடுதல் நேரமும் கேக்கலாம், மணிக்கு 20 நிமிசம்னு மத்திய அரசு விதியே இருக்கு. கோச்சிங் சேத்து விடுங்க.

---

நடவுநேரம் எழுதியது:

@டெல்டா_தம்பி கோவிச்சுக்காதீங்க, எங்க அண்ணனும் இப்படித்தான். 1 சதவீதம் 1 சதவீதம்னு சொல்லி நாலு வருசம் வீட்டுலயே உக்காந்து படிச்சான். கோச்சிங் சென்டர்ல மைக்க புடிச்சு பேசுவாங்க, இவன் கடைசி பெஞ்சுல பக்கத்து பையன் நோட்ட பாத்து எழுதுவான். நாலு வருசத்துல ஒரு ரூவா சம்பாதிக்கல, ஒரு ஃப்ரெண்டு இல்ல, மூஞ்சியே மாறிப்போச்சு. இப்ப ஒரு ரைஸ்மில்லுல தரம் பிரிக்கிற மிசின பாத்துக்கிறான், அங்க எல்லாரும் சத்தத்துல கத்திக்கிட்டு கெடப்பாங்க, இவன் ஜாலியா சைகையில பேசுவான், இப்ப மில்லுல பாதி பேருக்கு சைகை தெரியும் ஹாஹா. பரீட்ச எழுதட்டும், வேல பாத்துக்கிட்டே எழுதட்டும். சும்மா உக்கார வச்சுடாதீங்க அவ்ளோதான்.

---

சிலைப்பட்டறை எழுதியது:

தங்கச்சி, நான் சுவாமிமலையில சாமி சில வாக்குற பட்டறை வச்சிருக்கேன். என்கிட்ட ஒரு பையன் ஆறு வருசமா இருக்கான், அவனுக்கும் காது கேக்காது. வேலைக்கி வச்சவன் பக்கத்துலேந்து சொல்றேன், படிப்பு பத்தி எனக்கு தெரியாது.

வந்தப்ப மெழுகு வேலையில விட்டோம். தேன்மெழுகும் குங்கிலியமும் கடல எண்ணெயும் சேத்து காய்ச்சி உருவம் புடிக்கிறது, அப்புறம் காவேரி வண்டல் மண்ண பூசி காய வச்சு, சூடு காட்டி மெழுக உருக்கி எறக்கிட்டு அதுல ஐம்பொன்ன ஊத்துறது. எல்லாம் கண்ணால பாத்து கையால கத்துக்குற தொழில்தான், எங்கப்பா எனக்கு சொல்லிக் குடுத்தப்பவும் வாயால பேசினது கம்மி. பையன் ரெண்டு வருசத்துல விரலு, நகம், ஆபரணமெல்லாம் செதுக்க ஆரம்பிச்சுட்டான். தட்டிப் பாத்து சத்தத்த வச்சு உள்ள பொத்தல் இருக்கான்னு பாக்குறது மட்டும் அவனுக்கு வராது, அத வேற ஆளு பாக்குது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஊத்துற அன்னிக்கி ஒரு சட்டம் வச்சிருக்கேன். உருக்குன உலோகம் கையில இருக்கப்ப யாரும் பின்னாடிலேந்து அவன் தோள தொடக்கூடாது. முன்னாடி வந்து நின்னு கைய ஆட்டணும். ஒரு தடவ புது ஆளு ஒருத்தன் முதுகுல தட்டி, இவன் திடுக்குன்னு திரும்பி, நல்லவேள உலோகம் உருக்குற மூசைய கீழ வச்சுட்டு நின்னான், இல்லாட்டி அன்னிக்கி ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியில.

தொழில்ல எனக்கு பிரச்சன வரல. வந்ததெல்லாம் வேற. மொத வருசம் பத்து நாளு ஆளக் காணோம். சித்தி வீட்டு கல்யாணமாம். லீவு சொல்லிட்டு போவணும்னே அவனுக்கு தெரியல, யாரும் சொல்லிக் குடுக்கல, ஏன்னா ஸ்கூலுக்கு லீவு அப்பாதான் போயி சொல்லிருக்காரு. சம்பளம் கூட்டிக் கேக்கவும் அப்பாதான் வந்தாரு. அவரு வந்தப்ப "ஒங்க பையன கேக்கச் சொல்லுங்க, கூட்டித் தர்றேன்"னுட்டேன். அவருக்கு கோவம். மூணு மாசம் கழிச்சு பையன் ஒரு பேப்பர்ல "சம்பளம் 2000 அதிகம் வேணும். சிலை 4 நானே செய்தேன்"னு எழுதி எடுத்துட்டு வந்து மேசையில வச்சுட்டு எம் மூஞ்சிய பாத்துட்டே நின்னான். 1500 தர்றேன்னு எழுதினேன். அடிச்சுட்டு 2000ன்னு மறுபடி எழுதினான். குடுத்தேன். அந்த பேப்பர் இன்னும் என் கல்லாவுல இருக்கு.

---

கண்ணால்கேட்பவன் எழுதியது:

வணக்கம். நான் காது கேக்காது ஆள். வயசு 31. கும்பகோணம் பிரஸ் டிசைன் வேலை. கல்யாண பத்திரிக்கை, பிளக்ஸ். சைகை எனக்கு முதல் மொழி, தமிழ் ரெண்டாவது. என் தமிழ் மாறி இருக்கும். புரியல கேளுங்க, சிரிக்க வேண்டாம்.

அம்மா எழுதியது படிச்சேன். தம்பி மருந்து கடை போய் திரும்பி வந்தது, நானும் அப்படி. சின்ன வயசு எல்லாம் அம்மா பேசும். கடை அம்மா பேசும். பஸ் அம்மா பேசும். டாக்டர் என் முகம் பாக்காது, அம்மா முகம் பாத்து "அவனுக்கு எங்க வலி" கேக்கும். வலி எனக்கு. அம்மா சொல்லும் வயிறு. எனக்கு நெஞ்சு.

அம்மா நல்லது. நான் குறை சொல்லல. ஆனா அம்மா பேசி பேசி நான் கேக்க பழகல.

வீடு சாப்பாடு நேரம் எல்லாரும் சிரிக்கும். நான் என்ன என்ன கேக்கும். "ஒன்னுமில்ல, அப்புறம் சொல்றேன்". அப்புறம் வராது. 20 வருசம் அப்புறம் வரல. பணம் கஷ்டம், அப்பா கடன், அக்கா கல்யாணம் ஏன் நின்னது, எனக்கு எதுவும் தெரியாது. வெளி வந்து தனியா ரூம் எடுத்தபோது அட்வான்ஸ் என்ன, வாடகை என்ன, கரண்ட் பில் யார் கட்டும், எல்லாம் புதுசு. காது உள்ள பிள்ளை இது வீட்டில் சும்மா உக்காந்தே கேட்டு கத்துக்கும். எங்களுக்கு யாராவது உக்காந்து சொல்லணும்.

தம்பிக்கு இப்போ சொல்லு. கரண்ட் பில் காட்டு. அப்பா எவ்வளவு அனுப்பும் சொல்லு. ரகசியம் வேண்டாம்.

வேலை பத்தி ஒண்ணு. பிரஸ்ல ர ற தப்பு எல்லாரும் போடும், நான் போடாது. நீங்க காது வச்சு எழுதும், ரெண்டும் ஒரே சத்தம். நான் கண் வச்சு எழுதும், ரெண்டும் வேற படம். முதலாளி எல்லா பத்திரிக்கையும் கடைசி என்கிட்ட குடுக்கும்.

---

குடவாசல்அம்மா எழுதியது:

தம்பி நீங்க எழுதுனத மூணு தடவ படிச்சேன். "அப்புறம் சொல்றேன்" அவன் வர்றப்பெல்லாம் நானும் சொல்றேன்பா. எனக்கு சைகை ஒரு அம்பது அறுபதுதான் தெரியும், சாப்பாடு, தூக்கம், வா, போ, காசு. அவங்க அப்பாவுக்கு அதுவும் தெரியாது, வீடியோ கால்ல வாய அகலமா தொறந்து தொறந்து பேசுவாரு, இவன் சும்மா தலையாட்டுவான். வச்சப்புறம் என்ன சொன்னாருன்னு என்கிட்ட கேப்பான்.

---

மாயவரத்துக்காரி எழுதியது:

எல்லாரும் பையன பத்தி பேசுறீங்க, எனக்கு பொண்ணு. அவளும் காது கேக்காதவ, அடுத்த வருசம் பிளஸ் டூ முடிக்கிறா. தனியா விடு தனியா விடுன்னு சொல்றது சுலபம். பின்னாடி எவனாவது வந்தா கூட கேக்காது, கத்தி கூப்பிடவும் முடியாது. கவர்மெண்ட்ல தையல் மிசின் தர்றாங்க, வாங்கிப்போட்டு வீட்டோட இருக்கட்டும்னு முடிவு பண்ணிட்டேன். நான் இருக்கவரைக்கும் பாத்துப்பேன், அதுக்கப்புறம் அவ அண்ணன் பாத்துப்பான். தப்பா?

---

கைபேசும்பொண்ணு எழுதியது:

மாயவரத்தக்கா, தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல, ஆனா ஒன்னு கேக்கவா. அவ கிட்ட கேட்டீங்களா?

நான் திருச்சியில சைகைமொழி பெயர்ப்பாளரா இருக்கேன். எங்க அப்பா அம்மா ரெண்டு பேருக்குமே கேக்காது, எனக்கு கேக்கும். எட்டு வயசுல பேங்க் கவுண்டர்ல எக்கி நின்னு அப்பாவுக்காக பேசிருக்கேன். அம்மாவ கூட்டிட்டு லேடி டாக்டர்கிட்ட போயி, பத்து வயசுல எனக்கே புரியாத கேள்வியெல்லாம் அம்மாகிட்ட கேட்டிருக்கேன், அம்மா பாதிக்கு பதில் சொல்லாம சிரிச்சாங்க, ஏன்னு இப்பதான் புரியுது, பிள்ளகிட்ட சொல்ல முடியுமா அத. அதனால கேக்குறேன். ஒங்க பொண்ணுக்கு மாசாமாசம் வயித்து வலின்னா அவளே டாக்டர்கிட்ட எழுதிக் காட்ட தெரியணும். யாராவது தப்பா தொட்டா அந்த ஒடம்பு பாகத்துக்கு, அந்த செயலுக்கு அவகிட்ட சைகை இருக்கணும். நான் போலீஸ் கேஸுக்கு போறப்ப மொத அடி விழுறதே அங்கதான். நடந்தத சொல்ல பிள்ளகிட்ட வார்த்த இல்ல, வீட்டுல அத பேசினதே இல்ல. வீட்டுக்குள்ளயே வச்சுருந்தா பாதுகாப்புன்னு நெனைக்கிறோம், நான் பாத்த கேஸ்ல பாதி வீட்டுக்குள்ள வந்து போன ஆளுங்கதான்.

குடவாசல் அக்காவுக்கு: டெல்லியில இந்திய சைகைமொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம்னு ஒன்னு 2015லேந்து இருக்கு, அவங்க 10,000 வார்த்த கொண்ட அகராதிய வீடியோவா போட்டிருக்காங்க, காசு கெடயாது. ஆனா அதுல கத்துக்குறதுக்கு முன்னாடி ஒங்க பையனையே வாத்தியாரா வைங்க. வீட்டுல இருக்க ராத்திரியெல்லாம் அஞ்சு சைகை அவன் சொல்லித் தரட்டும், நீங்க தப்பா பண்ணா சிரிப்பான், சிரிக்கட்டும். நம்ம ஊர் பிள்ளைங்க போடுற சைகை கொஞ்சம் கொஞ்சம் மாறும், அகராதியில இருக்கதுதான் சரின்னு சண்ட போடாதீங்க. மூஞ்சிய கல்லு மாதிரி வச்சுக்காதீங்க, புருவமும் கண்ணும் சேந்ததுதான் அந்த மொழி. புருவத்த தூக்கலன்னா "சாப்பிட்டியா"ங்குறது "சாப்பிட்ட"ன்னு ஆயிடும்.

போன்ல லைவ் ட்ரான்ஸ்க்ரைப்னு ஒரு ஆப் போட்டு விடுங்க, தமிழ்ல எதிர்ல பேசுறத எழுத்தா காட்டும். நம்ம ஊரு பேச்சுல அது தடுமாறும், ஒரு தடவ ஒரு பாட்டி "நாத்து பறிக்க போறேன்"னத "நேத்து பரிட்சை போறேன்"னு காட்டுச்சு. கடைக்கி, ஆபீசுக்கு போதும். கோர்ட்டு, போலீசு, ஆபரேசன்னா ஆளு வேணும், ஆப்ப நம்பாதீங்க.

கையெழுத்து விசயத்துலயும் கவனமா இருங்க. நம்ம ஆளுங்க ஒருத்தர் கைய நீட்டி "இங்க போடு"ன்னா போட்டுடுவாங்க. ஒரே ஒரு ஜாமீன் கையெழுத்தால சம்பளம் மொத்தமும் போன ஒரு அண்ணன எனக்கு தெரியும், கடன் வாங்கினவரும் காது கேக்காதவருதான், நம்ம ஆளு ஏமாத்தமாட்டான்னு நம்பி போட்டாரு. படிக்காம போடாதங்குறத வீட்டுலயே பழக்குங்க, ஸ்கூல் ஃபார்ம்ல நீங்களே அவன் கைய புடிச்சு போட வைக்காதீங்க.

---

சிஸ்டம்_ஆளு எழுதியது:

2026ல இன்னும் சைகையா? சின்ன வயசுலயே காக்ளியர், அதான் ஆபரேசன் பண்ணி காதுக்குள்ள வைக்கிற கருவி, வச்சு பேச பழக்கிருக்கணும். ஆறு வயசுக்குள்ள முதலமைச்சர் காப்பீட்டுல இலவசமாவே பண்றாங்க. சைகை கத்துக்கிட்டா பேச்சு வராது, அவங்க கூட்டத்துக்குள்ளயே இருந்துடுவாங்க.

---

கண்ணால்கேட்பவன் எழுதியது:

தம்பி வயசு 17. ஆறு வயசு திரும்பி வராது. நீங்க பஸ் போன பிறகு பஸ் டைம் சொல்லும்.

---

வெண்ணாறு72 எழுதியது:

நல்லா சொன்னீங்க தம்பி. சைகை கத்தா பேச்சு வராதுன்னு நாங்களும் ஒரு காலத்துல நம்பினோம். பிள்ளைங்க கைய டெஸ்க்குக்கு அடியில கட்டிக்கச் சொல்லிருக்கோம். நானே சொல்லிருக்கேன். அந்த பேட்ச் பசங்க இப்ப என்ன பாத்தா கட்டிப்புடிக்குதுங்க, எனக்குத்தான் கூசுது. 2023 செப்டம்பர்ல சாரா சன்னின்னு காது கேக்காத ஒரு வக்கீல் பொண்ணு, சைகைமொழி பெயர்ப்பாளர் மூலமா சுப்ரீம் கோர்ட்டுல வாதாடுச்சு, அந்த வீடியோவ என் பேரன்தான் எனக்கு போட்டு காட்டினான்.

---

பல்சர்150 எழுதியது:

சம்பந்தமில்லாம கேக்குறேன், என் மச்சானுக்கு கேக்காது, ஆனா வண்டி செமயா ஓட்டுவான். லைசன்ஸ் தருவாங்களா? ஏஜெண்ட் தரமாட்டாங்கன்னு அடிச்சு சொல்றான்.

---

கைபேசும்பொண்ணு எழுதியது:

@பல்சர்150 2011லயே டெல்லி ஹைகோர்ட் சொல்லிடுச்சு, காது கேக்கலங்குற ஒரே காரணத்துக்காக அப்ளிகேசன வாங்க மாட்டேன்னு சொல்லக்கூடாது, டெஸ்ட்டுல பாஸ் பண்ணா குடுக்கணும். ஏஜெண்ட்ட விட்டுட்டு நேரா போங்க. ரெண்டு கண்ணாடியும் வண்டியில இருக்கணும், மச்சான் ஸ்டைலுக்கு கழட்டி வச்சிருந்தா மாட்டச் சொல்லுங்க.

ரயில் சலுகையும் சொல்லிடுறேன். ரயில்வே விதியில காது கேக்காம பேச்சும் வராதவங்க, ரெண்டும் சேந்து இருக்கவங்களுக்குத்தான் பாதி கட்டணம், கூட போறவங்களுக்கும் பாதி. சர்டிபிகேட்டுல அந்த வாசகம் இருக்கணும், கேக்காது ஆனா பேசுவான்னு எழுதிருந்தா கெடைக்காது. என்ன நியாயமோ. திருச்சி கோட்டத்துல கார்டுக்கு எழுதிப் போட்டு வாங்கிடுங்க.

---

நடவுநேரம் எழுதியது:

அக்கா வீட்டு வேலயும் பழக்குங்க, எங்கண்ணன் தனியா ரூம் எடுத்தப்பதான் எங்களுக்கே ஒறச்சுது. குக்கர் விசில் எண்ண முடியாதுல்ல, அவன் விசில் வர்றப்ப வெயிட்டு தூக்கி ஆவி அடிக்கிறத எண்ணுவான், அதுவரைக்கும் வேற வேல பாக்க மாட்டான். மோட்டார் போட்டுட்டு மறந்துருவான், தண்ணி வழியிற சத்தம் நமக்கு கேக்கும், அவனுக்கு தெரியாது, ஹவுஸ் ஓனர் ரெண்டு தடவ சண்டைக்கி வந்துட்டாரு. இப்ப மோட்டார் போட்டா செருப்ப கழட்டி கட்டில் மேல வச்சுப்பான், செருப்பு கட்டில்ல இருக்கவரைக்கும் மோட்டார் ஓடுதுன்னு அர்த்தம். எங்கம்மாவுக்கு அது பாத்தா ஆவாது. காலையில எந்திரிக்க போன வைப்ரேட்ல போட்டு தலகாணி ஒறைக்குள்ள. காலிங் பெல்லுக்கு பதிலா சுச்சு, உள்ள பல்பு எரியும், எலக்ட்ரீசியன் அரநாள்ல பண்ணிக் குடுத்தாரு.

---

மாயவரத்துக்காரி எழுதியது:

நேத்து ராத்திரி அவகிட்ட கேட்டேன். பதில சொல்ல எனக்கு நேரமாச்சு, கோவமா ஏதோ வேகமா கைய ஆட்டினா, எனக்கு பாதி புரியல, அப்புறம் போன்ல டைப் பண்ணி காட்டினா. "தையல் பிடிக்காது. கம்ப்யூட்டர். சென்னை." அவ்வளவுதான். அவங்க அப்பாகிட்ட இன்னும் சொல்லல. அந்த மாநிலக் கல்லூரியில பொண்ணுங்களுக்கு ஹாஸ்டல் எப்படின்னு யாருக்காவது தெரிஞ்சா தனியா மெசேஜ் பண்ணுங்க.

---

குடவாசல்அம்மா எழுதியது:

ரெண்டு வாரம் கழிச்சு எழுதுறேன், மன்னிச்சுக்குங்க, நடவு நேரம், ஆளு கெடைக்காம நானே எறங்கிட்டேன்.

மெடிக்கலுக்கு மறுபடி அனுப்பினேன். எனக்கு ஒடம்பு நல்லாதான் இருந்துச்சு, சும்மா அனுப்பினேன், அவனுக்கு சொல்லல. போறதுக்கு முன்னாடி போன்ல பெரிய எழுத்துல "எனக்கு காது கேக்காது. எழுதி காட்டுங்க"ன்னு அவனையே அடிச்சு வச்சுக்க சொன்னேன். நான் பின்னாடியே போயி டீக்கட ஓரமா நின்னேன், தப்புதான், மனசு கேக்கல. மூணு பேரு முன்னாடி நின்னாங்க. ஒருத்தர் புகுந்தாரு. இவன் அவரு முன்னாடி போன நீட்டினான். அந்தாளு படிச்சுட்டு என்ன நெனச்சாரோ, நகந்துட்டாரு. கடக்காரரு பேப்பர்ல எழுதினாரு, இவன் விரல காட்டினான், அஞ்சு. நான் பத்து வாங்கிட்டு வான்னு சொல்லிருந்தேன். வீட்டுக்கு வந்து கேட்டா, பழைய அட்டையில தேதி முடிய ரெண்டு மாசம்தான் இருந்துச்சாம், நம்ம வீட்டுல மாத்திர வீணாப்போவுதாம், அதான் அஞ்சாம். எனக்கு வாயே வரல.

அவங்க அப்பாவுக்கு இந்த இழைய அனுப்பினேன். ஒன்னும் பதில் வரல. ஞாயித்துக்கெழம வீடியோ கால்ல "சாப்பிட்டியா" சைகையில கேட்டாரு. ரூம்ல யாரோ ஒரு வங்காளப் பையன் யூட்யூப்ல பாத்து சொல்லிக் குடுத்தானாம். புருவத்த தூக்கல. இவன் விழுந்து விழுந்து சிரிச்சான்.

பேங்க்தான் வெறுப்பா போச்சு. அடுத்த மாசம் 18 முடியுது, முன்னாடியே கேட்டுக்குவோம்னு போனா, "இவருக்கு பேச்சு வராதுல்ல, ஒங்களோட ஜாயிண்ட்டா வச்சுக்குங்க, தனியா குடுத்தா ரிஸ்க்கு"ன்னுட்டாங்க. இவன் என்ன என்னன்னு என் கைய இழுக்குறான். "அப்புறம் சொல்றேன்"னு கை தன்னால போவ பாத்துச்சு, அங்கயே நின்னு சொன்னேன், தெரிஞ்ச சைகையில. அவனுக்கு மூஞ்சி செவந்துபோச்சு. இதுக்கு என்ன பண்றது?

---

கைபேசும்பொண்ணு எழுதியது:

ஜாயிண்ட்டுக்கு ஒத்துக்காதீங்க அக்கா. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 13வது பிரிவு, சொத்து வச்சுக்க, பண விவகாரத்த தானே பாத்துக்க, பேங்க் கடன் வாங்க எல்லாத்துக்கும் மத்தவங்க மாதிரியே உரிம இருக்குன்னு சொல்லுது. கார்டியன் வேணும்னு சிலபேரு 1999 தேசிய அறக்கட்டளை சட்டத்த இழுப்பாங்க, அது ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவங்களுக்கு. வேற குறைபாடு இல்லாம காது மட்டும் கேக்காதவங்க அதுல வரவே மாட்டாங்க. மறுத்தா எழுத்துல காரணம் குடுங்கன்னு கேளுங்க, பாதி எடத்துல அத கேட்டதுமே ஃபார்ம் வந்துரும். வரலன்னா திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள், மனு எழுதிக்கிட்டு போங்க.

---

கண்ணால்கேட்பவன் எழுதியது:

மனு தம்பி எழுதட்டும். நான் உதவி செய்யும். தம்பி நம்பர் எனக்கு தனியா மெசேஜ் அனுப்புங்க, ஞாயிறு வீடியோ கால் பேசுறேன். என் பேங்க் முதல் நாள் என்ன நடந்தது அதுவும் சொல்றேன். பேங்க் நானும் கூட வரும், பிரஸ் லீவு செவ்வாய்.

அம்மா கோவிக்க வேண்டாம். கால் நேரம் பக்கத்தில் உக்கார வேண்டாம்.

---

குடவாசல்அம்மா எழுதியது:

அனுப்பிட்டேன் தம்பி. நான் கொல்லையில இருப்பேன்.